எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்

சித்தெ நகந்துக்கறீங்களா தம்பி, இந்தப் பையை இங்க வெச்சுக்கறேன். கோயமுத்தூர் பிளேனுக்குத்தானே? அப்ப எனக்கொரு ஒத்தாசை பண்ணுங்க. மைக்குல நம்ம பிளேனைச் சொன்னாங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இங்கிலீசு தெரியாம கேக்கலீங்க. முப்பத்தொரு வருசம் கவர்மெண்டு பஸ்ஸுல சர்வீஸு. கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர்டு ஆனவன் நான். சென்னியப்பன்னா சத்தி வரைக்கும் தெரியும். ஆனா ஒரு வாரமா மைக்குச் சத்தம் கேட்டாலே என்ன சொல்றாங்கன்னு காதுல ஏற மாட்டேங்குது.

எங்கூட்டுக்காரி அதா, அந்தப் பாத்ரூமுக்குப் போயிருக்கறா. நான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டுப் பேசறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இப்பெல்லாம் அவ போன கதவை விட்டுக் கண்ணை எடுக்கறதில்லை.

நீங்க நாலு எடம் போயி வந்த ஆளாட்ட இருக்கறீங்க. நான் சொல்றதைக் கேட்டுப்போட்டு, ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. என்ற புள்ளைகிட்டச் சொன்னா அவ அம்மா பக்கந்தான் பேசறா.

புள்ளைன்னா கோகிலாவைச் சொல்றேன். ஒரே பொண்ணு, அவகிட்ட இருந்துட்டுத்தான் இங்க பிளேன் மாறி ஊருக்குத் திரும்பறோம். தைவான்ல வேலை. கடலுக்கு நடுவுல ஒரு தீவுங்க. கம்ப்யூட்டருக்குள்ள வெக்கற சில்லு பண்ற கம்பெனி. வாங்கப்பா, வாங்கப்பான்னு மூணு வருசமாக் கூப்புட்டா. சரின்னு போயி ஒரு மாசம் இருந்தோம். வீட்டுக்குள்ளயே எத்தனை நாளைக்குக் கெடக்கறது? போன ஞாயித்துக்கிழமை, தைபேக்குப் போயி அந்த ஒசரமான கட்டடத்தைப் பாத்துட்டு வந்தர்றோம்னு கெளம்பினேன். ரயில்ல ஒரு மணி நேரம். கோகிலாவுக்கு அன்னைக்கும் கம்பெனியில வேலை. அடுத்த வாரம் நானும் வர்றேன்ப்பான்னா. எதுக்கு? நான் இல்லயா? மைசூர், திருப்பதி, ராமேசுரம்னு அத்தனை பஸ்ஸையும் அனுப்பி வெச்சவன், ஒரு ரயிலேறி எறங்க மாட்டனா?

போனுல ஒரு இதை ஏத்திக் குடுத்தா. நாம தமிழ்ல பேசினா அது அவங்க பாசையில சொல்லும். அவங்க பேசினா நமக்குத் தமிழ்ல சொல்லும். தமிழ்னா நம்ம பேசற தமிழ் இல்லீங்க, ரேடியோ நியூஸ் வாசிக்கற தமிழ். அம்மாவுக்கும் ஒரு போனு வாங்கித் தர்றேன்னா. வேண்டாம்னுட்டேன். அவ யாருக்குப் பேசப் போறா? பக்கத்துல நான் இருக்கறேன்ல? பாஸ்போர்ட்டு தொலைஞ்சு போகும்னு ரெண்டையும் கோகிலா வீட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். போனு, காசு, புளிச்சோத்து டப்பா, அவளோட சுகர் மாத்திரை, பிஸ்கட்டு, அத்தனையும் என்ற பையில. அவளுக்குத் தோள்வலி, அதனால நானே சொமந்துக்கிட்டேன். அவ கையில ஒரு கர்ச்சீப்பு மட்டுந்தான். எந்தப் புருசன் தம்பி இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்வான்?

தைபே ஸ்டேஷன் இருக்குது பாருங்க, அது ஸ்டேஷனே இல்லை. ஒரு ஊரு. தரைக்குக் கீழ ஒரு மாடி, அதுக்குங் கீழ ஒரு மாடி, அதுக்குங் கீழ இன்னொண்ணு. ரயில விட்டு எறங்கி நான் முன்னால நடக்கறேன், அவ பின்னால வர்றா. இது எங்க வழக்கம். கண்ணாலமாயி முப்பத்தாறு வருசம். நான் பத்தடி முன்னால, அவ பத்தடி பின்னால. சந்தைக்கானாலும் சரி, ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டுக்கானாலும் சரி. திரும்பிப் பாக்கறதெல்லாம் கெடையாது. எதுக்குப் பாக்கோணும்? அவ வருவா.

நான் பேசிக்கிட்டே போறேன். எப்பவும் அப்படித்தான், பேசிக்கிட்டே போவேன். இந்த மாடிப்படி தானா ஏறுது பாத்தியா, நம்மூர்ல இப்படி வெச்சா சேலை மாட்டிக்கும்ங்கறேன். இத்தனை சனம் போகுது, ஒரு சத்தம் இருக்குதா பாருங்கறேன். கீழ எறங்கி, மேல ஏறி, ஒரு கடைவீதியாட்டம் இருக்குது, அதைத் தாண்டி, மறுக்கா எறங்கி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேக்கலாம்னு திரும்பறேன். என்ற பின்னால ஒரு சைனாக்காரப் பையன், காதுல ஒயரை மாட்டிக்கிட்டு நிக்கறான்.

அவளைக் காணோம்.

கால் மணி நேரமாப் பேசிக்கிட்டு வந்திருக்கறேன் தம்பி. யாருகிட்டப் பேசினேன்னு எனக்கே தெரியலை.

மொதல்ல கோவந்தான் வந்துச்சு. எங்கயோ வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுட்டாளாட்ட, வரட்டும் பேசிக்கறேன்னு நின்னேன். அஞ்சு நிமிசம். பத்து நிமிசம். அப்பறந்தான் பயம் புடிச்சுது. வந்த வழியே திரும்பிப் போலாம்னா, வந்த வழி எது? நாலு பக்கமும் ஒரே மாதிரி. கோழி கிண்டினாட்ட எழுத்துல போர்டு. எம்பது வாசல் இருக்குமாட்ட இருக்குது அங்க. ஏறினேன், எறங்கினேன். எறங்கின எடத்துக்கே மறுக்கா வந்து நின்னேன்.

அவளுக்கு சுகரு. காலையில ஏழு மணிக்கு மாத்திரை போட்டா. பன்னெண்டு மணிக்குள்ள சாப்பிட்டாகோணும். இல்லீன்னா கையி நடுங்கும், வேர்த்து ஊத்தும், பட்டுனு விழுந்துருவா. போன வருசம் பவானியில ஒரு கண்ணாலத்துல பந்திக்கு லேட்டாச்சு, அப்படித்தான் விழுந்தா. இன்னும் பத்து நிமிசம் ஆயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாரு டாக்டரு. அப்ப மணியப் பாக்கறேன், பதினொண்ணே முக்காலு. சோறு என்ற தோள்ல தொங்குது. மாத்திரை என்ற தோள்ல தொங்குது. அந்தப் பையி அப்பக் கனத்துச்சு பாருங்க தம்பி, இன்னும் கனக்குது.

போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தினேன். "வைஃப். மிஸ்ஸிங்"ன்னேன். எல்லாரும் நல்ல சனந்தான், குத்தஞ் சொல்ல மாட்டேன். தலையை ஆட்டிச் சிரிக்கறாங்க. போன எடுத்துப் பேசலாம்னா, அந்த இது எங்க இருக்குதுன்னு தெரியலை. ஒரு பையன்கிட்டக் கையில காட்டினேன். கொண்டையக் காட்டினேன், சேலை முந்தியக் காட்டினேன், நெத்தியில பொட்டு வெச்சிருப்பான்னு நெத்தியத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவன் என்னைக் கையப் புடிச்சு, தங்கமான பையங்க, நேராக் கூட்டிட்டுப் போயி ஒரு மருந்துக் கடையில விட்டான். தலைவலின்னு நெனச்சிருக்கறான். அந்தக் கடையில நின்னுக்கிட்டு நான் அழுதேன். ஆமாங்க, அழுதேன். எங்கய்யன் செத்தப்பக்கூட நான் அழுகலை.

மருந்துக் கடைக்காரிதான் ஸ்டேஷன் ஆபீசுக்குக் கொண்டு போயி விட்டா. அங்க ஒரு பொண்ணு, நம்ம கோகிலா வயசு இருக்கும், முடியக் கழுத்தோட வெட்டியிருந்துச்சு. அதுவே என்ற போன வாங்கி அந்த இதைத் தட்டி மேசை மேல வெச்சுது. அப்பத்தான் தமிழ் வந்துச்சு. "பயப்பட வேண்டாம். நாங்கள் உங்களுக்கு உதவுகிறோம்." அத்தனை நேரத்துக்கு அப்பறம் தமிழைக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துருச்சு. ஆச்சு, இனி பாசைக் கஷ்டம் இல்லை, கண்டுபுடிச்சுருவாங்கன்னு நெனச்சேன்.

அதுக்கப்பறந்தான் தம்பி கஷ்டமே.

அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது. போனு தெளிவாத் தமிழ்ல கேக்குது. "உங்கள் மனைவி என்ன நிற ஆடை அணிந்துள்ளார்?"

காலையில கட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னா. "ஏனுங்க, இது போதுங்களா, இல்ல குளுருமா?"ன்னு கேட்டா. "ம்"ன்னேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன், நிமுந்து பாக்கலை. இப்ப யோசிக்கறேன், யோசிக்கறேன், ஒரு கலரும் வர மாட்டேங்குது. பச்சைன்னுட்டேன். அவ பச்சை கட்டுவா, நான் பாத்திருக்கறேன்.

"அவருடைய உயரம் என்ன?" இங்க வருவான்னு தோளைக் காட்டினேன். அப்பறம் நெஞ்சைக் காட்டினேன். "அவர் கண்ணாடி அணிவாரா?" படிக்கும்போது போடுவா. இல்லை, எப்பவும் போடுவாளா? "உடலில் அடையாளம் ஏதேனும்?" தெரியலை. "அவரது புகைப்படம் உள்ளதா?" ஆங், அது இருக்குது! போனுல முன்னூறு போட்டோ இருக்குது, எடுத்துக்கம்மான்னேன். அந்தப் பொண்ணு தள்ளித் தள்ளிப் பாக்குது. கோயில் முன்னால நான். பாலத்து மேல நான். நூடுல்ஸ் கிண்ணத்தோட நான். அத்தனையும் அவதான் எடுத்தா. எடுக்கறவ எப்படிங்க போட்டோவுல இருப்பா? ஒண்ணே ஒண்ணுல, ஓரத்துல மொழுக்குனு ஏதோ தெரிஞ்சுது. பெருசு பண்ணிப் பாத்தா, அவ வெரலு. கேமராக் கண்ணை மறைச்ச வெரலு. அந்தப் பொண்ணு அந்த வெரலைப் பாத்துச்சு, அப்பறம் என்ற மூஞ்சியப் பாத்துச்சு.

"அவரைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?"

பாசை ஒரு தடையே இல்லை தம்பி. சுத்தமான தமிழு. ஒரு எழுத்துப் பிசகில்லை. எனக்குத்தான் பதிலு தெரியலை. ரயில விட்டு எறங்கினப்பவா? ஏறினப்பவா? கோகிலா வீட்டு வாசல்லயா? எப்பப் பாத்தேன் நான் அவளை?

பேசிக்கிட்டே வந்தேன்னு சொன்னேன். "அவர் பதில் சொன்னாரா?"ன்னு கேட்டுச்சு. அவ எப்பவும் பதில் சொல்ல மாட்டாம்மான்னேன். போனு அதையும் அவங்க பாசையில சொல்லிருச்சு.

மகளுக்குப் போன் பண்ணுங்கன்னு அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு. நான் பண்ணலை. ஏன்னு கேப்பீங்க. வேலை நேரத்துல அவளை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னுதான். அதுவுமில்லாம, நான் இருக்கறேன்னு சொல்லிட்டு வந்தவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? பச்சைச் சேலைன்னு நாலு பேரு தேடப் போனாங்க. ஒரு மணி ஆச்சு. ஒண்ணரை ஆச்சு. நானும் ஒரு ஆளோட ஓடினேன். மேல ஒரு பெரிய கூடம் இருக்குது, கறுப்பும் வெள்ளையும் கட்டங்கட்டமாத் தரை. ஞாயித்துக்கிழமையானா அங்க நூத்துக்கணக்குல பொம்பளைக வட்டமா உக்காந்துக்கறாங்க. இந்தோனேசியாவுல இருந்து வந்து வீட்டு வேலை செய்யறவங்களாம், லீவு நாளைக்கு அங்க கூடி சோறு தின்னு பேசிக்கிட்டு இருப்பாங்களாம். பொம்பளைக கூட்டத்தை என்னத்தப் பாக்கறதுன்னு தாண்டிப் போனேன். மூணு தடவை தாண்டினேன். நான் தேடினது தனியா அழுதுக்கிட்டு நிக்கற ஒருத்தியை.

ஒண்ணே முக்காலுக்கு ஆபீசுக்கே திரும்பி வந்து உக்காந்துட்டேன். அவ செத்துட்டான்னே முடிவு பண்ணிட்டேன். எந்தப் படிக்கட்டுக்கு அடியிலயோ, எந்த பாத்ரூமுக்குள்ளயோ விழுந்து கெடக்கறா. என்னன்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. யாரு என்னன்னு எழுதின ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவகிட்ட இல்லை. பண்ணாரித்தாயே, என்னைய எடுத்துக்கோ, அவள விட்டுருன்னேன். சத்தமாவே சொன்னேன், போனு அதையும் மொழிபெயர்த்துச்சு. எல்லாத்தையும் அவ இல்லாம நெனச்சுப் பாத்தேன். வீட்டுச் சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. என்ற பிரசர் மாத்திரை காலையில எது, ராத்திரிக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. அவ குடுப்பா, நான் போட்டுக்குவேன்.

அப்பத்தான் கோகிலாவைக் கூப்புட்டேன். நடந்ததைச் சொல்லி முடிச்சேன். அப்பறம், "போன அவங்ககிட்டக் குடுப்பா"ன்னா. "அம்மா கட்டியிருக்கறது அரக்குச் சேலை. மேல என்னோட நீலக் கோட்டு. அஞ்சடி ஒரு அங்குலம். எடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம். வெள்ளை ஷூ, போன வாரம் நான் வாங்கிக் குடுத்தது. எப்பவும் கண்ணாடி போடுவாங்க." கடகடன்னு அவங்க பாசையிலயே சொல்லி, போட்டோவும் அனுப்பிட்டா; என்ன சொன்னான்னு அப்பறந்தான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு ஒரே வார்த்தைதான். "பச்சைன்னா சொன்ன?" அப்படின்னா. பெத்த அப்பன்கிட்ட இப்படியா கேக்கறது?

அந்தப் பொண்ணு மைக்குல அவங்க பாசையில ரெண்டு தடவை சொல்லுச்சு. இங்கிலீசுல ஒரு தடவை. அவளுக்கு என்ன புரியும்? அப்பறம் போனுல எங்கிட்டக் கேட்டுச்சு. "அவருக்கு எந்த மொழி தெரியும்?" தமிழு மட்டுந்தான்னேன். மைக்கை எங்கிட்டத் தள்ளி வெச்சுது. "நீங்களே பேசுங்கள்."

மைக்கு எனக்குப் புதுசா? கோபி, சத்தி, பண்ணாரி, மைசூர்ர்ருன்னு நான் ஒரு இழுப்பு இழுத்தா டீக்கடையில இருக்கறவன் டம்ளரை வெச்சுட்டு ஓடியாருவான். பண்ணாரியில தீ மிதிக்கற குண்டம் திருவிழாவுக்கு அஞ்சு நாளும் என்னையத்தான் மைக்குக்குப் போடுவாங்க. காணாமப் போனவங்களை எத்தனை பேரைக் கூப்புட்டிருக்கறேன்! அதே தோரணையில, தொண்டையக் கனைச்சுக்கிட்டுச் சொன்னேன். "கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த திருமதி…"

நின்னுட்டேன்.

அவளை நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க. கூட்டுக் குடும்பம். எங்கய்யன் முன்னால பொண்டாட்டியப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது மரியாதையா? "இந்தா"ம்பேன், "ஏ புள்ள"ம்பேன். வந்துருவா. அய்யன் போயி இருவது வருசமாச்சு. வாயி பழகிப் போச்சு. இப்ப அத்தனை பெரிய ஸ்டேஷன்ல "ஏ புள்ள"ன்னா எந்தப் புள்ள வருவா? மெதுவாச் சொல்றேன் கேட்டுக்குங்க, அவ பேரு பூவாத்தாள். பாருங்க, இப்பச் சொல்லும்போதே சுத்திப் பாத்துக்கறேன், யாராச்சும் கேட்டாங்களான்னு.

"…திருமதி பூவாத்தாள் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஸ்டேஷன் ஆபீசுக்கு வரவும். உங்கள் கணவர் சென்னியப்பன் காத்துக்கொண்டிருக்கிறார்." சொல்லி முடிச்சேன். எம்பட குரலு அந்த ஸ்டேஷன் பூரா போயி இடிச்சுட்டுத் திரும்பி வந்துச்சு.

பத்து நிமிசம். யாரும் வரலை.

மறுக்கா மைக்கை வாங்கினேன். "கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த"ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல வரலை. என்ன சொன்னேன்னு எனக்கு முழுசா நெனப்பில்லை. பூவா, எங்க புள்ள இருக்கறன்னேன். நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன், பூவான்னேன். எனக்கு இங்க ஒண்ணுமே தெரியலை, சோறு எங்கிட்ட இருக்குது, வந்து சாப்பிடு, வந்துரு பூவான்னேன். அப்பறம் மைக்குல அழுகைதான் போச்சு. ஆயிரம் பேரு கேட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை புரியாது, போனும் கையில இல்லை. ஆனா அது கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிருச்சு.

அதுக்கப்பறம் ஒரு கால் மணி நேரம் தம்பி. அதை மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க. என்ற குரலைக் கேட்டும் அவ வரலைன்னா, கேக்கற நெலமையில அவ இல்லைன்னுதானே அர்த்தம்? மறுக்கா கூப்படத் தெம்பில்லை. மேசை மேல தலையச் சாச்சுக்கிட்டேன். ஊருக்கு எப்படி எடுத்துட்டுப் போறது, யாருக்கு மொதல்ல சொல்றதுன்னுகூட நெனச்சுட்டேன்.

கதவு தெறந்துச்சு. நிமுந்து பாத்தா, அரக்குச் சேலை. நீலக் கோட்டு. கையில ஒரு பொட்டலம். முக்காடு போட்ட ஒரு இந்தோனேசியாப் பொண்ணு அவ முழங்கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. இவ வாயில எதையோ மென்னுக்கிட்டு இருக்கறா. வாழப்பழ பஜ்ஜி!

"எங்க போன?"ன்னு கேட்டேன். கத்திட்டேன்தான், இல்லீங்கலை. அவ சாவகாசமா உக்காந்து சொல்றா. படிக்கட்டுல ஷூ லேசு அவுந்துருச்சாம். "ஏனுங்க, சித்தெ நில்லுங்க"ன்னு கூப்புட்டாளாம். நான் பேசிக்கிட்டே போயிட்டேனாம். கட்டிட்டு நிமுந்தா நான் இல்லையாம். கூடத்துல பொம்பளைக கீழ உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, தானும் போயி ஓரமா உக்காந்தாளாம். நேரம் ஆக ஆகக் கையி நடுங்கிருக்குது. பக்கத்துல இருந்த யாந்திங்கற இந்தப் பொண்ணு அவ கையத் தொட்டுப் பாத்திருக்குது. அவங்களுக்கு வயசானவங்களப் பாத்துக்கறதே பொழப்பாம், தொட்டதும் தெரிஞ்சு போச்சாம். உடனே சக்கரைத் தண்ணி கலக்கி வாயில ஊத்தி, சோறு போட்டு, மடியில படுக்க வெச்சிருக்குதுக.

அந்தப் பொண்ணுக்கு மூணு வயசுல ஒரு பையன் இருக்கறானாம், ஊர்ல மாமியாகிட்ட விட்டுட்டு வந்திருக்குதாம். புருசன் சரியில்லையாம். நான் கேட்டேன், "நீ எந்தப் பாசையில பேசின?" "தமிழ்லதான்." "அது?" "அது பாசையில." "அப்பறம் எப்படிப் புரிஞ்சுது?" "புரியாம என்னங்க?" அப்படிங்கறா.

சரி, அது போகட்டும். இனிமேல்தான் விசயம். நான் கேட்டேன், "மைக்குல கூப்புட்டனே, காதுல விழுகலையா?"

"விழுந்துச்சுங்க."

"அப்பறம் ஏன் வரலை?"

"மொதத் தடவை யாரோ யாரையோ கூப்பிடறாங்களாட்ட இருந்துச்சு. ரெண்டாவதாக் கூப்புட்டப்பத்தான் அது நானுன்னு தெரிஞ்சுது. யாந்தி எந்திரி எந்திரின்னுச்சு. நாந்தான் இருன்னு கையக் காட்டினேன்."

"எதுக்கு?"

"இன்னொருக்கா கூப்பிடுவீங்களான்னு பாத்தேன். கூப்பிடலை. சரின்னு எந்திரிச்சு வந்தேன்."

கேட்டீங்களா தம்பி? இது ஞாயமா? நான் அங்க உசுரு போயிக் கெடக்கறேன், பொணத்தை எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டுக் கெடக்கறேன், இவ அம்பதடி தூரத்துல பஜ்ஜி தின்னுக்கிட்டு, இன்னொருக்கா கூப்படறானான்னு பாத்தாளாம்! என்ற குரலாலதான அவ கெடைச்சா? அதுக்காச்சும் ஒரு வார்த்தை வேண்டாமா? கோகிலாகிட்டச் சொன்னா, அம்மா பண்ணினது சரிதாங்கறா. நீங்களும் சிரிக்கறீங்க.

இல்லீங்க, அதோட போச்சுன்னா பரவாயில்லை. அந்த அதிர்ச்சியில அவளுக்குக் காதுல ஏதோ ஆயிருச்சு. ஒரு வாரமா நான் கூப்புட்டா திரும்பறதே இல்லை. "இந்தா"ங்கறேன், பேசாம காயி நறுக்கிக்கிட்டு இருக்கறா. "ஏ புள்ள"ங்கறேன், ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கறா. கோகிலா பேசினா மட்டும் கேக்குது, அது பொம்பளைக் குரலு, கீச்சுனு இருக்கறதால கேக்குதாட்ட. ஊருக்குப் போனதும் ஈரோட்டுல காது டாக்டர்கிட்டக் காட்டோணும்.

என்னது, நம்ம பிளேனா? கூப்பிட்டாங்களா? அதா, அவளும் வந்துட்டா பாருங்க, அந்த அரக்குச் சேலை. அன்னையில இருந்து என்ன கலருன்னு காலையிலயே பாத்து வெச்சுக்கறேன். எங்க போறா அவ? வாசலு இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கமாப் போறாளே. ஏ புள்ள! இந்தா! இங்க! பாத்தீங்களா? திரும்பறாளா? நான் சொன்னேன்ல, காதுல கோளாறு.

பேரச் சொல்லியா? நீங்க ஒண்ணு தம்பி. அங்க கத்தினேன்னா, அங்க ஒரு சனத்துக்கும் தமிழ் தெரியாது. நான் அழுதேனா, அறிவிப்புச் சொன்னேனான்னு எவனுக்குத் தெரியும்? இங்க சுத்திப் பாருங்க. முன்னால உக்காந்திருக்கறவரு பெருந்துறையாமா. அந்தம்மா அன்னூரு. அத்தனையும் நம்ம ஆளுக. இவங்க முன்னால எப்படிங்க…

நீங்க கூப்பிடறீங்களா? வேண்டாம் வேண்டாம், அது நல்லா இருக்காது. இந்தப் பையச் சித்தெ பாத்துக்குங்க, அவ மாத்திரை இருக்குது. முழங்காலு வலிதான், பரவாயில்லை, நானே போயிக் கூட்டியாந்தர்றேன். அட, என்ன வேகமா நடக்கறா பாருங்க. ஒருக்காலாச்சும் திரும்பிப் பாக்கறாளா?